வால்வை எடுத்தது யாரு?

ஏறிக்குங்க தம்பி, ஏறிக்குங்க. கதவை மெதுவாச் சாத்தினா மூடாது, கொஞ்சம் வேகமா இழுங்க. ஆங். அவ்வளவுதான். பஸ் மலையில நின்னுட்டா அடுத்த பஸ் வர்ற வரைக்கும் வளைவுல நனைஞ்சுக்கிட்டே நிக்க வேண்டியதுதான். கோத்தகிரிதானே? நானும் அங்கதான். கோத்தகிரியில எங்கே? யாரு வீட்டுக்கு? சும்மா கேட்டேன், சொல்ல இஷ்டமில்லைன்னா வேண்டாம். பையைக் கால்கிட்ட வைங்க. கனமா இருக்கு போலிருக்கே, உள்ள என்னங்க? துணியா. சரி சரி.

அட, அங்க பாருங்க. முன்னாடி வண்டி பூரா நிக்குது. மரம் விழுந்திருச்சாட்டத் தெரியுது. ஐப்பசி மழைன்னா இந்த ரோட்டுல இதே கதைதான். வெட்டி ஒதுக்கற வரைக்கும் இங்கேயேதான். இன்ஜினை நிறுத்த மாட்டேன், பயப்படாதீங்க. நிறுத்தினா ஹீட்டர் வராது, ஹீட்டர் வரலைன்னா கண்ணாடியில மூச்சு படிஞ்சு ஒண்ணும் தெரியாது.

என்ன சொன்னீங்க? சின்ன வண்டியில சூடு நல்லா வருதா? ஏன் அப்படிக் கேட்டீங்க? இல்ல, சும்மாதான் கேட்டீங்க, புரியுது. ஆனா இந்த ஹீட்டரைப் பத்தி யாராவது பேச்செடுத்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். போன மார்கழியில இந்த ஹீட்டரால எங்க குடும்பத்துல நடந்ததைச் சொன்னா நீங்களே நியாயம் சொல்லுவீங்க. வெளியாள்தான் நியாயம் சொல்லணும். உள்ளாள் ஒருத்தனைக் கூட நம்பற மாதிரி இல்லை.

என் பேரு பொன்னுரங்கம். தேயிலை ஃபேக்டரியில இலை எடை போடற இடத்துல முப்பது வருஷம் இருந்தேன். அங்க இருந்தவனுக்கு மனுசனைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இலையில தண்ணி தெளிச்சுக் கொண்டு வருவாங்க, எடை கூடும்னு. சாக்குக்கு நடுவுல கல்லு வெப்பாங்க. கும்பிடு பெருசாப் போடறவன் சாக்கைத்தான் நான் முதல்ல கொட்டிப் பாப்பேன். ஒரு கிழவி இருந்தா, எப்பப் பாத்தாலும் "சாமி, சாமி"ம்பா. அவ சாக்கை எல்லா நாளும் கொட்டுவேன். ஒரு நாள் கூட ஒண்ணும் இருந்ததில்லை. அவ்வளவு கெட்டிக்காரி.

வண்டி நான் பழசா வாங்கினது. என் பொண்ணு கோகிலா காலேஜுல சேர்ந்த சமயம். ஒரே பொண்ணு. அப்ப ஹீட்டர் எப்படி இருக்கும்ங்கறீங்க! ஊட்டியில உறைபனி விழற காலையில கூட, வண்டி கொஞ்ச தூரம் ஓடிச்சுன்னா கால்பக்கம் கதகதன்னு ஏறும். என் வீட்டுக்காரி தெய்வானைக்கு மூட்டு வலி. "ஏனுங்க, வீட்டை விட வண்டியிலதாங்க சுகமா இருக்குது"ம்பா. அப்புறம் கோகிலாவைத் திருப்பூர்ல கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை பிரகாசம். பனியன் கம்பெனியில மெஷின் பராமரிக்கிற வேலை. தங்கமான பையன்னு எல்லாரும் சொன்னாங்க. எல்லாருமே சொன்னாங்கங்கறதுதான் எனக்கு இடிச்சுது. ஒருத்தனைப் பத்திக் குறை சொல்ல ஊர்ல ஒரு ஆள் கூடவா இருக்க மாட்டான்?

போன வருஷம் சித்திரையில அவங்க சொந்தத்துல ஒரு காதுகுத்து. பழனியில. மாப்பிள்ளை வண்டியைக் கேட்டாரு. கோகிலாவுக்கு அப்பத்தான் நாள் தள்ளியிருந்துச்சு, பஸ்ஸுல கூட்டிட்டுப் போக வேண்டாம்னு தெய்வானை சொன்னதால குடுத்தேன். திரும்பக் கொண்டு வந்து விட்டாரு. எப்படி விட்டாரு தெரியுங்களா? கழுவி விட்டாரு. உள்ள வெளிய எல்லாம் துடைச்சு, பளபளன்னு. இரவல் வாங்கின வண்டியை எவன் தம்பி கழுவிக் குடுப்பான்? எதையோ மறைக்கிறவன்தானே?

நான் சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒரு கீறல் இல்லை. குனிஞ்சு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தேன். அப்ப அவரு பக்கத்துல வந்து நின்னு, "மாமா, வண்டியில ஒரு விஷயம்..."ன்னு ஆரம்பிச்சாரு.

"என்ன விஷயம்? எங்க இடிச்சீங்க?"ன்னேன்.

"இடிக்கலைங்க மாமா."

"பின்ன எதுக்குக் கழுவினீங்க?"

"ஒண்ணுமில்லைங்க மாமா"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. பாத்தீங்களா? சொல்ல வந்ததை முழுங்கிட்டாரு. அன்னிக்கே நான் பிடிச்சிருக்கணும்.

வெயில் காலத்துல யாரு ஹீட்டரைப் போடறா? ஆடி, ஆவணியில கூட நான் கண்ணாடியைத் துணியால துடைச்சே ஓட்டிக்குவேன். கார்த்திகை முடிஞ்சு மார்கழி பொறந்துச்சு. ஒரு காலையில தெய்வானையைக் கூட்டிட்டு ஊட்டி மார்க்கெட் போறேன். ஹீட்டரைத் திருப்பறேன், வருது ஒரு காத்து. சூடுமில்லை, குளிருமில்லை. ஆறிப்போன காப்பி மாதிரி. ஏத்தத்துல கொஞ்சம் வெதுவெதுப்பு. இறக்கத்துல விட்டா அதுவும் போயிடும், பச்சைத் தண்ணி மேல வீசற காத்துதான். தெய்வானை கையைச் சேலைக்குள்ள சுருட்டி வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம வர்றா. எப்பவும் பேசிக்கிட்டே வர்றவ. "என்ன தெய்வானை, ஹீட்டர் வரலையே?"ன்னு கேட்டா, "பழைய வண்டிதானுங்களே"ங்கறா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறா.

எனக்கு அப்பவே ஒரு இதுதான்.

எங்க ஊர்ல ஹனீபா பாய்னு ஒரு மெக்கானிக். என் வண்டியை ரொம்ப வருஷமா அவருதான் பாக்கறாரு. அவருகிட்டப் போனேன். ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் கையால தொட்டுப் பாத்தாரு. ஹீட்டருக்குள்ள தண்ணி விட்டுக் கழுவினாரு, துருத் தண்ணியாக் கொட்டுச்சு. ஒரு ஹோஸை மாத்தினாரு. அப்புறம் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி. "அண்ணா, வண்டி கீழ எங்கயாவது போய்ச் சூடாகி நின்னுச்சா?"

வண்டி கீழ போனது இவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லலை. "இல்லை"ன்னேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா."

"இல்லைன்னா இல்லை பாய்."

"அப்படின்னா வண்டியை ஒரு நாள் விட்டுட்டுப் போங்க. பொறுமையா ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாக்கறேன்."

விட்டுட்டுப் போறதா? நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வண்டி பக்கத்துலயே உக்காந்தேன். அவரு ஸ்பேனரை எடுத்தா நானும் எட்டிப் பாப்பேன். நட்டைக் கழட்டினா என் கையில குடுக்கச் சொல்லுவேன். ரெண்டு மூணு தடவை பாத்துட்டு மனுசன் சிரிச்சாரு. "நீங்க இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை ஓடாதுண்ணா"ன்னாரு. யோக்கியமான வேலையா இருந்தா யாரு பாத்தா என்னங்க? கை ஏன் ஓடாது?

அதுக்குள்ள கோகிலா பிரசவத்துக்கு வந்துட்டா. தலைச்சன் பிரசவம் அம்மா வீட்டுலதானே. நான் ஹீட்டர்னு வாயைத் திறந்தா போதும், தெய்வானை அடுப்படிக்குள்ள போயிடுவா. தாயும் மகளும் குசுகுசுன்னு பேசுவாங்க, நான் போனா நின்னுடும். மாப்பிள்ளை போன் பண்ணினா கோகிலா கொல்லைப்பக்கம் போய்ப் பேசுவா. ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அவளே வந்து, "அப்பா, அந்தத் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்களேன்"ங்கறா.

சோத்துல வெச்ச கையை எடுத்துட்டேன். பி.காம் படிச்ச பொண்ணு. தெர்மோஸ்டாட் வால்வுன்னு ஒண்ணு வண்டியில இருக்கறது இவளுக்கு யாரு சொன்னது? "வால்வு நல்லா இருக்கான்னு" கேக்கலை, கவனிச்சீங்களா? "இருக்கான்னு" கேக்கறா.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, இன்ஜின் தண்ணி சூடேறற வரைக்கும் அதை ரேடியேட்டருக்குப் போக விடாம மறிக்கிற ஒரு சின்ன சாமான் அது. அது இருந்தாத்தான் தண்ணி சூடாகும், அந்தச் சூடுதான் ஹீட்டர்ல வரும். இல்லைன்னா மலைக் குளிருக்குத் தண்ணி சூடாகவே ஆகாது. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிஞ்சது.

நேரா ஹனீபா கடைக்குப் போனேன். "வால்வு இருக்கற மூடியைத் திறங்க"ன்னேன். திறந்தாரு. உள்ள ஒண்ணும் இல்லை தம்பி. வெறும் குழி. ஹனீபா தலையை ஆட்டிக்கிட்டு, "நினைச்சேன்ணா"ங்கறாரு.

நினைச்சாராம்! எடுக்காதவன் எப்படி முன்னாடியே நினைப்பான்?

பக்கத்துல டீக்கடை. நாலு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் மறைக்கலை, மனசுல ஒண்ணு வெளியில ஒண்ணு எனக்குக் கிடையாது. "என் வண்டி வால்வைக் கழட்டி எவனுக்கு மாட்டினே? இத்தனை வருஷம் எத்தனை சாமான் போயிருக்கும்?"னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். டீ குடிச்சுக்கிட்டு இருந்தவங்க டம்ளரைக் கீழ வெச்சுட்டாங்க. ஹனீபா கையைத் துணியில துடைச்சாரு. துடைச்சாரு, துடைச்சாரு, துடைச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மூடியை மாட்டினாரு, பானெட்டைச் சாத்தினாரு.

"அண்ணா, வால்வை எப்பக் கழட்டினாங்கன்னு உங்க வீட்டுலயே கேளுங்க. இனிமே வண்டியை வேற இடத்துல பாத்துக்குங்க."

அவ்வளவுதான். ஒரு கோபம் கூட இல்லை. திருடலைன்னா கோபம் வரணுமே? எனக்கு வருமே!

வீட்டுக்கு வந்து தெய்வானையை நிறுத்திக் கேட்டேன். கோகிலா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல வந்து நின்னா. அப்புறம்தான் கக்கினாங்க. சித்திரையில பழனி போயிட்டுத் திரும்பற வழியில, அடிக்கிற வெயில்ல வண்டி சூடாகி நின்னிருக்கு. பக்கத்துல இருந்த ஒருத்தன் வந்து பாத்துட்டு, வால்வு சிக்கிக்கிச்சுன்னு கழட்டி வீசிட்டானாம். கீழ எல்லாரும் அதைக் கழட்டிட்டுத்தான் ஓட்டறாங்கன்னு சொன்னானாம். மாசமான பொண்டாட்டியை வெயில்ல வெச்சுக்கிட்டு இவரு என்ன பண்ணுவாரு, சரின்னு வந்துட்டாராம். வந்து தெய்வானைகிட்டச் சொல்லியிருக்காரு. "அத்தை, மாமாகிட்டப் பக்குவமாச் சொல்லிடுங்க, குளிர் வர்றதுக்குள்ள புதுசு போட்டுறலாம்"னு.

"நீ ஏன் சொல்லலை?"ன்னேன்.

"சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"என்ன சொல்லுவேன்?"

"வால்வை வித்துத் தின்னுட்டான்னு சொல்லுவீங்க."

கேட்டீங்களா தம்பி? நான் சொல்லாத வார்த்தையை நான் சொல்லுவேன்னு அவளே முடிவு பண்ணி, எட்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கா. என் பொண்டாட்டி, என் பொண்ணு, என் மாப்பிள்ளை. மூணு பேரும் ஒரு கட்சி. என்னைச் சந்தேகப் பிராணிங்கறாங்க. சந்தேகப்பட்டது சரிதானே? மறைச்சுத்தானே வெச்சிருந்தாங்க?

ஹனீபாவா? அவன்கிட்டப் போய் என்னத்தைச் சொல்றது. தெய்வானை போகச் சொன்னா, போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கன்னு. இந்த வால்வை அவன் எடுக்கலை, சரி. வேற எதையும் எடுத்ததில்லைன்னு யாரு கண்டா?

அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்தாரு. கோயமுத்தூர்ல புது வால்வு வாங்கிட்டு வந்திருந்தாரு, ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட்டும் வாங்கிட்டு வந்திருந்தாரு. சட்டையைக் கழட்டிட்டு, அந்தக் குளிர்ல பனியனோட நின்னு அவரே மாட்டினாரு. மாட்டி, வண்டியைக் கொஞ்சம் ஏத்தமா நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சுக்கிட்டு, இன்ஜினை ஓட விட்டுட்டு ரொம்ப நேரம் நின்னாரு. குமிழ் குமிழா வந்துக்கிட்டு இருந்துச்சு. "எதுக்கு இது?"ன்னு கேட்டேன். "உள்ள காத்து நின்னுடக் கூடாதுங்க மாமா"ன்னாரு.

அப்புறம் ஹீட்டரைப் போட்டாரு. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் வந்துச்சு. தெய்வானை முன் சீட்டுல உக்காந்து ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுச் சின்னப் பொண்ணு மாதிரி சிரிச்சா. "மாப்பிள்ளை கை பட்டா கல்லும் சூடாகுமுங்க"ன்னா. நானும் சிரிச்சேன்.

ஆனா ராத்திரி படுத்தா மனசு கேக்கலை. வால்வு வந்த அட்டைப் பெட்டி ஒட்டுப் பிரிஞ்சிருந்துச்சு. புதுச் சாமான்னா ஒட்டு ஏன் பிரிஞ்சிருக்கு? பழசைத் தேய்ச்சுப் புதுசுன்னு மாட்டியிருந்தா? அவரு அவ்வளவு ஓடி ஓடிச் செய்ய வேண்டிய அவசியம் என்ன? நாளைக்கே "மாமா, வண்டியை நானே வெச்சுப் பாத்துக்கறேனே"ன்னு கேக்கறதுக்கு இது ஒரு அடி போடறதுன்னு வைங்களேன்.

மறுவாரம், வீட்டுல லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டு, ஊருக்கு வெளியில ஒரு புது ஒர்க்‌ஷாப் திறந்திருந்தான் ஒருத்தன், அங்க போனேன். திறந்து காட்டச் சொன்னேன். தண்ணியெல்லாம் வடிச்சுட்டுத் திறந்தான். "புதுசுதான் சார், கம்பெனி முத்திரை இருக்கு பாருங்க"ன்னான். பாத்தேன். புதுசுதான். அதுல எனக்கு ஒரு திருப்தி. சந்தேகத்தைத் தீத்துக்கறது தப்பில்லையே? அவன் படக்குன்னு மூடி, ஹோஸுக்கு ஒரு புதுக் கிளிப்பு போட்டு, மேல தண்ணியை ஊத்தி, "முடிஞ்சுது சார்"னான். நானும் வந்துட்டேன். திரும்பி வரும்போது ஹீட்டர் கொஞ்சம் மந்தமா இருந்த மாதிரி இருந்துச்சு. அன்னிக்குக் குளிரு ஜாஸ்தி.

தையில, பொங்கல் கழிஞ்சு, குன்னூர் ஆஸ்பத்திரியில கோகிலாவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. என் அம்மா ஜாடை. நெத்தியைச் சுருக்கிக்கிட்டு என்னைப் பாத்துச்சு பாருங்க, யாருடா நீங்கற மாதிரி. என் ரத்தம்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற அன்னிக்கு மாப்பிள்ளை டாக்சி சொல்றேன்னாரு. நான் விடலை. என் பேத்தி முதல் பயணம் என் வண்டியிலதான்னேன். "மாமா, குளிரு இன்னிக்கு ரொம்ப..."ன்னாரு. "அதுக்குத்தானே நீங்க வால்வு மாட்டியிருக்கீங்க"ன்னேன். பையை எடுத்து வண்டியில வெச்சாரு.

கிளம்பும்போதே பனி மூட்டம். காட்டேஜ் ஒண்ணு தெரியலை, தேயிலைச் செடி தெரியலை. ஹீட்டரைப் போடறேன், ஐஸ் காத்து வீசுது. கண்ணாடி பூரா மூச்சு படிஞ்சு, மாப்பிள்ளை முன் சீட்டுல உக்காந்து துடைச்சுக்கிட்டே வர்றாரு. கட்டபெட்டு ஏத்தம் ஏறும்போது சூடு காட்டற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. இன்ஜின் கொதிக்குது, ஹீட்டர்ல பனிக்காத்து. இப்படி ஒரு அநியாயம் உண்டுங்களா? புஸ்ஸுன்னு புகை. நிறுத்திட்டேன்.

இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் காடு. ஒரு வண்டி இல்லை. கதவுச் சந்து வழியாக் காத்து உள்ள வருது. கோகிலா குழந்தையைத் தன் ரவிக்கைக்குள்ள விட்டு அணைச்சுக்கிட்டா. தெய்வானை அவ மேல கவிஞ்சு படுத்துக்கிட்டா. குழந்தை முதல்ல அழுதுச்சு. அப்புறம் அழலை. அழாததுதான் பயமா இருந்துச்சு தம்பி.

நான் பானெட்டைத் தூக்கிட்டுச் சத்தம் போட்டேன். "என்னங்க மாப்ள மாட்டினீங்க? பச்சப்புள்ள சாகட்டும்னா?" ஆத்திரத்துல வர்ற வார்த்தைதானே, அதைப் பிடிச்சுக்கலாமா? அவரு போனை எடுத்து யாருக்கோ பேசினாரு. அப்புறம் குனிஞ்சு பாத்துட்டு, "மாமா, இந்தக் கிளிப்பு நான் போட்டதில்லீங்களே. யாரு திறந்தாங்க?"ன்னாரு.

"எனக்கென்ன தெரியும்? அந்த ஹனீபா வேலையா இருக்கும். என் மேல கருவிக்கிட்டு இருக்கான்."

சொல்லி வாய் மூடலை, பனிக்குள்ள ஒரு வேன் வந்து நின்னுச்சு. இறங்கினது யாருங்கறீங்க? ஹனீபா! அவ்வளவு பெரிய ரோட்டுல, சரியா அந்த இடத்துல! எப்படி வந்தான்? கேட்டா, மாப்பிள்ளை கூப்பிட்டாராம். மாப்பிள்ளைகிட்ட அவன் நம்பர் எப்படி? முன்னாடியே பேசி வெச்சிருக்காங்க. வால்வு எந்த மாதிரி வாங்கணும்னு இவரு அவன்கிட்டத்தான் கேட்டாராம். என்னைத் தவிர இந்த மலையில எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறாங்க தம்பி.

அவன் என்னைப் பாக்கலை. வேன்ல கம்பளி விரிச்சு வெச்சிருந்தான், சுடுதண்ணி பாட்டில் கூட வெச்சிருந்தான். முதல்ல தாயையும் பிள்ளையையும் அதுல ஏத்தினான். அப்புறம் என் வண்டிக்கு வந்து, இன்ஜின் ஆறினதும் மூடியைத் திறந்து பாத்தான்.

"திறந்தவன் காத்தை வெளியேத்தாம மூடியிருக்கான். ஹீட்டருக்குள்ள ஏர் பிடிச்சிருக்கு"ன்னான். யாரையும் பாத்துச் சொல்லலை. வண்டியைப் பாத்துச் சொன்னான்.

வேன் ஜன்னல்ல கோகிலா. "அப்பா, நீங்க எங்கயாவது கொண்டு போய்த் திறந்தீங்களா?"

"நான் எதுக்கும்மா திறக்கறேன்?"

நான் திறக்கலைதானே? திறந்தது அந்த ஒர்க்‌ஷாப்காரன். நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். ஆனா அவ என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. பெத்த அப்பனைப் பொண்ணு அப்படிப் பாக்கலாமா? நான் எடை மேடையில நின்னு பாப்பேனே ஒவ்வொருத்தனையும், அந்தப் பார்வை.

வேன் வீட்டுக்குப் போகலை, திரும்பக் குன்னூருக்கே போச்சு. குழந்தைக்கு உடம்பு குளுந்து உதடு நிறம் மாறியிருந்துச்சாம். சூட்டுப் பெட்டியில வெச்சாங்க. நல்லபடியா ஆயிடுச்சு, ஆண்டவன் புண்ணியம். நான் போனா கோகிலா தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவா. எனக்குத் தெரியாதா, தூங்கறதும் தூங்கற மாதிரி கிடக்கறதும்?

ஆஸ்பத்திரியில இருந்து நேரா திருப்பூருக்குப் போயிட்டா. பச்சை உடம்புக்காரி, அம்மா வீட்டு வாசல்ல கால் வைக்காம போறதுன்னா ஊரு என்ன சொல்லும்? மாப்பிள்ளை வந்து, "அங்க கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும்ங்க மாமா, அதுக்குத்தான்"னாரு. என்ன நாசூக்கு! பின்னாடி பேரு வெக்கறதுக்குப் போன்ல கூப்பிட்டாரு. "என்னைக் கூப்பிடச் சொல்லி யாரு சொன்னது, நீங்களாக் கூப்பிடறீங்களா, இல்ல தெய்வானை சொன்னாளா?"ன்னு கேட்டேன். கேக்கறது தப்பா? போனை வெச்சுட்டாரு. நான் போகலை. தெய்வானைதான் போயிட்டு வந்தா. இப்பத் தவழறாளாம். போன்ல காட்டினா தெய்வானை. பேரு என்னமோ பெருசா வெச்சிருக்காங்க, எனக்கு வாயில நுழையலை.

வண்டியா? அன்னிக்கு ஹனீபாதான் காத்தை எடுத்துட்டுக் கொண்டு வந்து வாசல்ல நிறுத்திட்டுப் போனான். சாவியைத் தெய்வானை கையில குடுத்துட்டுப் போயிட்டான். அதுல இருந்து ஹீட்டர் இப்படித்தான், தொட்டா சுடற மாதிரி வருது. நான் மறுபடி எங்கயும் திறக்கலை. திறக்கணும்னு தோணும். திறக்கலை.

இன்னிக்குக் காலையில தெய்வானையைக் கொண்டு வந்து மேட்டுப்பாளையத்துல திருப்பூர் பஸ் ஏத்தி விட்டேன். பேத்தியைப் பாத்துட்டு வர்றேன்னா. பாத்துட்டு வரட்டும். பெரிய பையா எடுத்துக்கிட்டா. மாத்திரை டப்பா, கண்ணாடி, சாமி படம் ஒண்ணு, சின்னக் குக்கரு. அங்க குக்கர் இல்லையாக்கும்? மலை இறங்கி, குஞ்சப்பனை ஊரைத் தாண்டினதும் "போதுங்க"ன்னு ஹீட்டரை அவளே நிறுத்தினா. "எப்ப வருவே?"ன்னு கேட்டேன். "பாக்கலாங்க"ன்னா. பஸ் நகர்ற வரைக்கும் நின்னேன். கை காட்டினா. நல்லாத்தான் காட்டினா.

பின் சீட்டுல பாருங்க. அவ ஸ்வெட்டரு, சால்வை, காலுறை, காதுக்குக் கட்டற துணி, எல்லாம். பஸ் ஸ்டாண்டுலதான் கழட்டி அடுக்கி வெச்சா. "எடுத்துக்கலையா?"ன்னேன். "அங்க எதுக்குங்க"ன்னா. நியாயம்தானே? திருப்பூர்ல ஸ்வெட்டர் எதுக்கு? ஆனா திரும்பி வர்றப்ப மலையேறணுமே, அப்ப வேணுமே... மறந்திருப்பா. வயசாச்சு, மறதி. இதுல போய்ச் சந்தேகப்பட என்ன இருக்கு? நீங்க சொல்லுங்க, மறதிதானே?

அதோ, மரத்தை இழுத்துட்டாங்க. வண்டி நகருது. நீங்க முழுசா நனைஞ்சிருக்கீங்க, ஹீட்டர் மட்டும் போதாது. பின்னாடி கையை விட்டு அந்தச் சால்வையை எடுத்துப் போத்திக்குங்க.

வேண்டாம். வேண்டாம் தம்பி, விட்டுடுங்க. மடிச்சு வெச்சிருக்கா. மடிப்புக் கலையாம அப்படியே இருக்கட்டும்.